இலைக்குள் வாழும் பூஞ்சை புதிய இனமா? வாசகர் கேள்வி - பதில்

நோயில்லாத செடிக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளைப் பற்றி ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். இவற்றை எண்டோபைட் என்றும் அகவாழ் பூஞ்சை என்றும் சொல்வார்கள். ஒரே சந்தேகம் பல கடிதங்களில் இருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பச்சைப் பசேலென்று இருக்கும் இலைக்குள் பூஞ்சை இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உள்ளே எப்படிப் போகிறது? செடிக்கு ஒன்றும் ஆகாதா?
— பள்ளி ஆசிரியை, மண்டபம்

இருக்கிறது, இதுவரை தேடிப் பார்த்த செடிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. ஜெர்மன் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி 1866-லேயே செடிக்குள் வாழும் உயிரிகளைத் தனி வகையாகப் பிரித்துப் பேசினார். மரம், செடிகளில் பூஞ்சை பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. காற்றிலும் மழைச்சாரலிலும் வந்து விழும் பூஞ்சை வித்து (ஸ்போர்) பனி ஈரத்தில் முளைத்து, இலைத்துளை வழியாகவோ மேல்தோலைத் துளைத்தோ உள்ளே போய், சில செல்களுக்கு இடையே அடங்கி நின்றுவிடும். அதனால்தான் கொழுந்தில் குறைவாகவும் முற்றிய இலையில் அதிகமாகவும் கிடைக்கிறது. சில புல்வகைகளில் மட்டும் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். உள்ளே இருப்பவற்றில் சில செடிக்கு உதவும். சில இலை பழுத்து உதிரும் வரை காத்திருந்து முதல் ஆளாக மக்கச் செய்யும். சில தருணம் பார்த்து நோயாக மாறும்.

வகுப்பில் காட்ட பூவரசு இலை போதும். மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் முறை அடுத்த பதிலில் இருக்கிறது. ஆல்கஹாலும் ஹைப்போகுளோரைட்டும் (பிளீச் திரவம்) உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், பிள்ளைகள் கையில் வேண்டாம். பூஞ்சை வளர்ந்த வளர்ப்புத் தட்டின் மூடியைச் சுற்றி ஒட்டிவிடுங்கள், யாரும் திறக்கக் கூடாது. பார்த்து முடித்ததும், கண்ணாடித் தட்டாக இருந்தால் இதற்கென்றே ஒதுக்கிய குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்து, உள்ளே இருப்பதைக் கொட்டுங்கள்.

கேள்வி: காரங்காடு அலையாத்திக் காட்டிலிருந்து அவிசீனியா மரத்தின் இலை எடுத்து வந்து, ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கி பி.டி.ஏ. மீடியாவில் (உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரை, அகார் கலந்த வளர்ப்புக் கலவை) வைத்தேன். மூன்றே நாளில் எல்லாத் தட்டிலும் கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. இதை எண்டோபைட் என்று எழுதலாமா?
— முதுகலை மாணவர், தொண்டி

இப்போதைக்கு எழுத வேண்டாம். எல்லாத் தட்டிலும் ஒரே ஆஸ்பர்ஜில்லஸ், அதுவும் மூன்றே நாளில் என்றால், அது இலையின் மேற்பரப்பிலிருந்தோ லேப் காற்றிலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே இருந்த பூஞ்சை துண்டின் வெட்டு வாயிலிருந்து இழையாக எட்டிப் பார்க்கும். சில நாலைந்து நாளில் வரும், சில மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். துண்டை ஒட்டாமல் மீடியாவின் நடுவில் தனியே முளைத்த காலனியை (பூஞ்சைத் திட்டை) கணக்கில் சேர்க்கவே கூடாது.

அவிசீனியா இலையைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருக்கும். அது முழுக்க நுண்ணிய மயிர். அந்த மயிருக்குள் காற்று சிக்கிக்கொண்டால் இலை திரவத்தில் மூழ்கியிருந்தாலும் திரவம் தோலைத் தொடாது. வெள்ளி போல ஒரு பளபளப்பு தெரிந்தால் காற்று இருக்கிறது என்று பொருள். மேலே உப்புச் சுரப்பிகள் கக்கிய உப்பும், அதில் ஒட்டிய தூசும் வித்தும் வேறு. ஆகவே முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 100 மி.லி. தண்ணீருக்கு 0.1 மி.லி. ட்வீன் 20 (சோப்பு போல வேலை செய்யும் திரவம்) கலந்து, அதில் பளபளப்பு மறையும்வரை அலசுங்கள். எருக்கு போன்ற மெழுகு இலைக்கும் இதே சிகிச்சைதான்.

அதன்பின் வழக்கமான வரிசை: 70% எத்தனாலில் 5 விநாடி, 4% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 விநாடி, ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தண்ணீரில் 10 விநாடி. இந்த 90 விநாடியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும் முன்கூட்டியே 30, 60, 90, 120, 180 விநாடி என்று வைத்துப் பார்த்து, மேற்பரப்பு சுத்தமாகும் மிகக் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உமரி போன்ற சாறுள்ள மெல்லிய இலையில் நேரம் கூடினால் மருந்து உள்ளே ஊறி, உள்ளிருக்கும் பூஞ்சையும் செத்துப்போகும். அப்போது தட்டு வெறுமையாக இருக்கும். இந்தச் செடியில் எண்டோபைட்டே இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம்.

ஹைப்போகுளோரைட்டைச் சந்தேகப்படுங்கள். திறந்த பாட்டில் நம் ஊர் வெக்கையிலும் வெளிச்சத்திலும் வெகு சீக்கிரம் வீரியம் இழக்கும். லேபிளில் 4% என்று இருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. பழுப்புப் பாட்டிலில், ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலைக்கு வேண்டியதை அன்றன்றே கலக்குங்கள்.

மேற்பரப்பு சுத்தமானதா என்று தெரிந்துகொள்ள அச்சுச் சோதனை கட்டாயம். சுத்தம் செய்த இலைத்துண்டைப் புதிய மீடியாவின்மேல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்து எடுத்துவிடுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரில் 0.1 மி.லி. எடுத்து இன்னொரு தட்டில் தடவுங்கள். மூன்றாவதாக ஒரு தட்டை, நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க லேமினாருக்குள் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டிக்குள்) திறந்தே வையுங்கள். மூன்றில் எதில் என்ன முளைக்கிறது என்பதே உங்கள் ஆஸ்பர்ஜில்லஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அச்சுத் தட்டில் பூஞ்சை வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிட வேண்டியதுதான். மனம் கேட்காது, ஆனாலும் அதை வைத்துக்கொண்டு மேலே கட்டும் எதுவும் நிற்காது.

மீடியாவில் லிட்டருக்கு 150 மி.கி. குளோராம்ஃபெனிகால் சேர்த்தால் பாக்டீரியா தொல்லை அடங்கும். அது சூடு தாங்கும், ஆட்டோகிளேவுக்கு முன்பே போடலாம். ஸ்ட்ரெப்டோமைசின் அப்படியல்ல, மீடியா ஆறியபின்தான் சேர்க்க வேண்டும். துண்டு அரை செ.மீ. சதுரம் இருக்கட்டும், ஓரங்களைச் சுத்தம் செய்த பிறகு வெட்டி நீக்குங்கள், ஏனென்றால் மருந்து ஊறியது அங்கேதான். 90 மி.மீ. தட்டுக்கு ஐந்தாறு துண்டு போதும். பத்து வைத்தால் பெஸ்டலோஷியாப்சிஸ் போல வேகமாகப் படரும் பூஞ்சைகள் மெதுவாக வருபவற்றை மூடிவிடும். புதிய இனம் கிடைக்க வாய்ப்புள்ளது அந்த மெதுவான கூட்டத்தில்தான். தினமும் தட்டைப் பார்த்து, இழை நுனி தெரிந்த உடனே வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். 26 டிகிரி செல்சியஸில், 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று 21 நாளாவது வையுங்கள். முடிந்தால் ஆறு வாரம்.

கேள்வி: தனுஷ்கோடி மணலில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் எடுக்க வேண்டும். எங்கள் கல்லூரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் ஆகும். எப்படிப் பத்திரப்படுத்துவது? அனுமதி வேண்டுமா?
— ஆய்வு மாணவி, பாம்பன்

பாலித்தீன் பை வேண்டாம். வேர்த்துப்போய் இலை அழுகத் தொடங்கும். சந்தர்ப்பவாதப் பூஞ்சைகள் வெட்டு வாய் வழியாக உள்ளே புகும். காகிதப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் ஐஸைத் தொடாமல் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் தட்டில் வைத்துவிட வேண்டும், எப்படியும் 48-ஐத் தாண்டக் கூடாது. புள்ளி, பூச்சிக் கடி, நுனிக் கருகல் உள்ள இலை வேண்டாம். ஒரே செடியிலிருந்து கை நிறையப் பறிப்பதைவிட, தள்ளித் தள்ளி நிற்கும் பத்துச் செடிகளிலிருந்து ஒவ்வொரு முற்றிய இலை எடுப்பது நல்லது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த இலையையும் சித்திரை வெயிலில் எடுத்த இலையையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிக் காப்பகத்தில்) வையுங்கள். செடியின் பெயர் தவறினால் பூஞ்சையின் வரலாறே தவறும்.

அனுமதி விஷயத்தில் சற்றும் அசட்டை வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு இலை பறிக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். தனுஷ்கோடியில் ஒரு பகுதி 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் எடுக்கப்போகும் இடம் எல்லைக்குள் வருகிறதா என்று ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலைத் தாளில் வாங்குங்கள். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் யாராவது கூட்டுச் சேர்ந்தால், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: நோயே இல்லாத முண்டு மிளகாய்ச் செடியின் இலையில் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை இருப்பதாக என் மகள் கல்லூரியில் பார்த்துச் சொன்னாள். அதுதானே பழ அழுகலுக்குக் காரணம்? இப்போதே மருந்தடிக்கவா?
— விவசாயி, ஆர்.எஸ். மங்கலம்

அடிக்க வேண்டாம் ஐயா. கொலெட்டோட்ரைக்கம் என்பது ஒன்றல்ல, பெரிய குடும்பம். அதில் மிளகாயை அழுகச் செய்பவையும் உண்டு, இலைக்குள் சும்மா இருப்பவையும் உண்டு. அழுகச் செய்யும் இனமேகூடப் பிஞ்சுக்குள் அடங்கிக் கிடந்து, பழம் சிவக்கும்போதுதான் வெளியே வரும். இலையில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழத்தில் வட்டமாகக் குழி விழுந்து, அதற்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதுதான் நோய். அப்படிப்பட்ட பழத்திலிருந்து விதை எடுக்காதீர்கள், களத்தில் நல்ல பழத்தோடு சேர்த்துக் காயவைக்கவும் வேண்டாம். இரவில் பனி படாமல் மூடுங்கள். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: அது எந்த இனம் என்று ஜீன் பார்த்து உறுதி செய்து, பிறகு நல்ல பழத்தில் ஏற்றிப் பார்த்தால் நோய் தரும் வகையா என்று தெளிவாகிவிடும்.

கேள்வி: இரண்டு மாதமாக வெள்ளை இழையாகவே வளர்கிறது. ஒரு வித்துகூட இல்லை. என்ன செய்வது?
— முதுகலை மாணவி, கீழக்கரை

சத்துள்ள மீடியாவில் சுகமாக வளரும் பூஞ்சை வித்து விட அவசரப்படாது. பட்டினி போடுங்கள். லிட்டருக்கு 15 கிராம் அகார் மட்டும் போட்ட தண்ணீர் மீடியாவில், எந்தச் செடியிலிருந்து எடுத்தீர்களோ அதன் இலையை ஆட்டோகிளேவ் செய்து துண்டு துண்டாக வைத்து, பக்கத்தில் பூஞ்சையை வையுங்கள். பனையோலைத் துண்டும் பயன்படும். ஓட்ஸ் அகார் இன்னொரு வழி. 365 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதா விளக்கை (பிளாக் லைட்) 12 மணி நேரம் போட்டு, 12 மணி நேரம் அணைத்துப் பாருங்கள். வெறும் கண்ணால் அந்த விளக்கைப் பார்க்க வேண்டாம். வித்து இல்லை என்று முடிவு கட்டுமுன் தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் லென்ஸ் வழியாகத் தேடுங்கள். டயபோர்த்தே போன்ற பூஞ்சைகளின் வித்துக்கூடு மீடியாவுக்குள் புதைந்த கரும்புள்ளியாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

எதற்கும் மசியாவிட்டால் டி.என்.ஏ.தான் வழி. வித்தே தராத பூஞ்சைக்கும் பெயர் சூட்ட விதி இடம் தருகிறது. ஹோண்டுராஸில் ஒரு இலவங்கப்பட்டை மரத்திலிருந்து கிடைத்து 2001-ல் பெயர் பெற்ற மஸ்கோடார் ஆல்பஸ் அப்படி வெறும் இழை மட்டுமே உள்ளதுதான்.

கேள்வி: என் பூஞ்சையின் ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதியின் வரிசையை பிளாஸ்டில் (வரிசைகளை ஒப்பிடும் இணையக் கருவி) போட்டேன். முதல் பொருத்தம் 98.6%. புதிய இனம் என்று சொல்லலாமா?
— முனைவர் பட்ட ஆய்வாளர், ராமநாதபுரம்

இந்த ஒரு கேள்வி ஏழு கடிதங்களில் வந்திருக்கிறது. எண் மட்டும்தான் மாறுகிறது. அந்தச் சதவீதத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஐடிஎஸ் பகுதி 2012-ல் பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டது. எந்தப் பேரினத்தின் பக்கம் போக வேண்டும் என்று அது காட்டும், அதற்கு அது அருமையான கருவி. கொலெட்டோட்ரைக்கம், டயபோர்த்தே, ஃபியுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவற்றில் இரண்டு தனி இனங்களுக்கு ஐடிஎஸ் ஒன்றாகவே இருக்கலாம். டயபோர்த்தேயில் அதற்கு நேர்மாறாகவும் நடக்கும், ஒரே இனத்துக்குள்ளேயே ஐடிஎஸ் கணிசமாக வேறுபடும். கொலெட்டோட்ரைக்கம் குளோயோஸ்போராய்ட்ஸ் என்று ஒரே பெயரில் அழைத்த கூட்டத்தைப் பல ஜீன்களை வைத்து ஆராய்ந்தபோது, 2012-ல் அது 22 இனங்களாகப் பிரிந்தது.

முதலில் உங்கள் வரிசையையே சோதியுங்கள். சீக்வென்சிங் கோப்பின் வண்ணக் கூம்புகளை நேரில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் 30-40 எழுத்தும் (டி.என்.ஏ.வின் A, T, G, C) கடைசியிலும் கூம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருக்கும்; அவற்றை வெட்டாமல் போட்டால் இல்லாத வேறுபாடு இருப்பதாகக் காட்டும். 500 எழுத்தில் 7 எழுத்து மாறினாலே 98.6% ஆகிவிடும். அந்த ஏழில் ஐந்து ஓரத்தில் இருந்தால் உங்கள் புதிய இனம் அங்கேயே முடிந்தது. முன்னிருந்தும் பின்னிருந்தும் இரண்டு தடவை படித்து ஒன்று சேர்ப்பது அவசியம்.

அடுத்து, பிளாஸ்டில் முதலில் வரும் பெயரை நம்பாதீர்கள். ஜென்பேங்க் என்ற பொது வரிசைக் களஞ்சியத்தில் யாரோ அவசரத்தில் தவறாகப் பெயரிட்டுப் போட்ட வரிசைகள் நிறைய. டைப் மாதிரியிலிருந்து (ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அடையாளமாகக் காட்டிய மூல மாதிரி) வந்த வரிசைகளை மட்டும் காட்டும்படி பிளாஸ்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து மறுபடி பாருங்கள். உங்கள் வரிசை எவ்வளவு நீளத்துக்குப் பொருந்தியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு பேரினத்துக்கு ஏற்ற ஜீன்கள். ஃபியுசேரியத்துக்கு டெஃப்-1, ஆர்பிபி-2. ஆஸ்பர்ஜில்லஸுக்கு கால்மோடுலின், பீட்டா டியூபுலின். டயபோர்த்தேக்கு டெஃப்-1, டியூபுலின், கால்மோடுலின், ஹிஸ்டோன். கொலெட்டோட்ரைக்கத்துக்கு ஜிஏபிடிஹெச், ஆக்டின், கைட்டின் சிந்தேஸ், டியூபுலின். கறுத்த பூஞ்சைகளில் மெலனின் நிறமி பி.சி.ஆரை (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) தடுக்கும், பெருகிய டி.என்.ஏ.வின் பட்டை வரவில்லை என்றால் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) குறை சொல்லுங்கள். அந்தப் பேரினத்தில் கடைசியாக வந்த திருத்தக் கட்டுரையைத் தேடி, அதிலுள்ள டைப் வரிசைகள் அனைத்தையும் சேர்த்து மாஃப்ட் என்ற மென்பொருளில் அடுக்கி, ஒவ்வொரு ஜீனுக்கும் தனி உறவு மரம் வரைய வேண்டும். பின்னர் எல்லாம் சேர்ந்த மரம். தனித்தனி மரங்களிலும் உங்கள் பூஞ்சை ஒரே மாதிரி தனிக் கிளையாக நின்றால்தான் வழக்கு வலுக்கும். ஒரு மரத்தில் தனியாகவும் இன்னொன்றில் பழைய இனத்துக்குள்ளும் போனால் காத்திருங்கள். ஒரே ஐசோலேட்டை (பிரித்தெடுத்த ஒரே வளர்ப்பை) வைத்து எழுதுவதைவிட, வேறு செடியிலிருந்து, வேறு இடத்திலிருந்து இரண்டு மூன்று கிடைத்தால் மிக நல்லது.

உருவத்தை விட்டுவிடக் கூடாது. பெஸ்டலோஷியாப்சிஸ் வித்தை 40 மடங்கு லென்ஸில் பாருங்கள்: நீள்வட்ட உடலில் ஐந்து அறைகள், இரண்டு கோடியிலும் நிறமற்ற அறை, நடுவில் மூன்று பழுப்பு அறை, தலையில் மீசை போல இரண்டு மூன்று இழை. நடு மூன்றும் ஒரே வெளிர் பழுப்பா, ஒரே அடர் பழுப்பா, மேலிரண்டு மட்டும் கறுத்து மூன்றாவது வெளுத்திருக்கிறதா என்பதைக் கூர்ந்து பாருங்கள். 2014-ல் இந்தக் கூட்டத்தை மூன்று பேரினங்களாகப் பிரித்தபோது, ஜீனோடு சேர்த்து இந்த நிறத்தையும் கணக்கில் எடுத்தார்கள். 30 முதல் 50 வித்துகளின் நீள அகலத்தை அளந்து, சராசரியோடு மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எழுதுங்கள். எந்த மீடியா, எத்தனையாம் நாள் என்பது இல்லாத அளவு பயன்படாது.

கேள்வி: எல்லாம் உறுதியானபின் பெயர் வைப்பது எப்படி? தமிழில் விளக்கம் எழுதலாமா? எங்கள் ஊர்ப் பெயரை வைக்கலாமா?
— கல்லூரி விரிவுரையாளர், திருவாடானை

ஊர்ப் பெயர் வைக்கலாம், லத்தீன் இலக்கண வடிவில், பேரினத்தின் பாலுக்கு ஏற்ப விகுதி மாற்றி. அதே பெயர் அந்தப் பேரினத்தில் முன்பே இருக்கிறதா என்று இன்டெக்ஸ் ஃபங்கோரம் என்ற பூஞ்சைப் பெயர்த் தளத்தில் பார்த்துவிடுங்கள். கட்டுரையைத் தமிழில் எழுதலாம். ஆனால் இனத்தை வேறுபடுத்திக் காட்டும் விளக்கம் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்; 2012 சனவரி 1 முதல் விதி இது. 2013 சனவரி 1 முதல் மைகோபேங்க், இன்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் இவற்றில் ஒன்றில் பதிவு எண் வாங்கி, அதைக் கட்டுரையில் அச்சிட வேண்டும். எண் இல்லாவிட்டால் பெயர் செல்லாது.

டைப் மாதிரிதான் பலர் சறுக்கும் இடம். உயிரோடு வளரும் கல்ச்சரை (வளர்ப்பை) டைப்பாக வைக்க முடியாது. உலர்த்தியோ, உறைய வைத்து வளர்ச்சி நின்ற நிலையிலோ நிரந்தரமாகக் காக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அது எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது என்றும் எழுத வேண்டும். டி.என்.ஏ. வரிசையை மட்டும் டைப்பாக வைக்கலாம் என்ற யோசனை 2018-ல் பூஞ்சையியலாளர் மாநாட்டில் ஏற்கப்படவில்லை. உலர் மாதிரியைப் புனேயிலுள்ள அஜ்ரேகர் பூஞ்சை ஹெர்பேரியத்துக்கும், உயிர்க் கல்ச்சரை அதே ஊரின் தேசியப் பூஞ்சைக் கல்ச்சர் சேகரிப்பு மையத்துக்கும் அனுப்பலாம். இரண்டும் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளன. புதிய இனம் கண்டவர் அதை நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியும் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆவது பிரிவே சொல்கிறது. காப்பகம் தரும் சேர்ப்பு எண் வர நாளாகும், கட்டுரை எழுதத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எண்டோபைட்டிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கலாம் என்கிறார்களே?
— வாசகர், சாயல்குடி

அமெரிக்காவின் பசிபிக் யூ மரத்துக்குள் இருந்த ஒரு பூஞ்சை டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தைத் தருவதாக 1993-ல் அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. கிடைத்த அளவு மிக மிகக் குறைவு, புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்க்க (சப்கல்ச்சர்) அதுவும் குறைவது பொதுவான அனுபவம். பயிருக்குப் பயன் தந்ததற்கு நல்ல உதாரணம் செரண்டிபிட்டா இண்டிகா என்ற பூஞ்சை. தார் பாலைவனத்தில், நம் பக்கம் எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் வேர் மண்ணிலும் இலந்தை வகை ஒன்றின் வேர் மண்ணிலும் கிடைத்து, 1998-ல் வேறு பெயரில் விவரிக்கப்பட்டது. வேருக்குள் வாழ்ந்து பல பயிர்களின் வளர்ச்சியைக் கூட்டுகிறது. பெயரும் இனமும் உறுதியாகாத பூஞ்சைப் பொடியை யார் விற்றாலும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: கரண்ட் அடிக்கடி போகிறது. மைனஸ் 80 ஃபிரீசர் எங்களிடம் இல்லை. கல்ச்சர்களை எப்படிக் காப்பாற்றுவது?
— லேப் உதவியாளர், தொண்டி

தண்ணீரில் வையுங்கள். சிறிய கண்ணாடிக் குப்பியில் 3 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி ஆட்டோகிளேவ் செய்யுங்கள். இளம் காலனியின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. அகார் வில்லை ஐந்தாறு வெட்டிப் போட்டு, மூடியை இறுக்கிவிடுங்கள். கரண்ட் இல்லாமலே அறை வெப்பத்தில் பல பூஞ்சைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று குப்பி, ஒன்று வேறு கட்டடத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வில்லையை எடுத்து முளைக்கிறதா என்று பாருங்கள்.

தட்டில் வைத்திருப்பவற்றுக்கு ஈரக் காற்றைவிடப் பெரிய எதிரி சிற்றுண்ணி. இலைச் சருகோடு லேபுக்குள் வந்து தட்டுக்குத் தட்டு ஊர்ந்து வித்தைப் பரப்பும். தட்டில் குட்டிக் காலனிகள் கோடு போட்டாற்போல வரிசையாக முளைத்தால் உண்ணி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தட்டைத் திறக்காமல் பையில் கட்டி நேரே ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள். மேசையையும் அலமாரியையும் 70% ஆல்கஹாலால் துடையுங்கள். செடி மாதிரிகளைக் கல்ச்சர் அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், கழுவுவதும் வெட்டுவதும் வேறு அறையில் நடக்கட்டும்.